ஊசி இருந்த கை

வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் காலையிலேயே சொல்லிவிட்டார். மாசிலாமணி சட்டை மாட்டி, செருப்பும் போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். இடது கையில் குத்திய ஊசியை மட்டும் எடுக்கவில்லை. இன்சூரன்ஸ் அப்ரூவல் வந்தால்தான் எடுப்பார்களாம். கம்பெனி கைவிரித்தால் தன் கடையை விற்றுத்தான் பில் கட்ட வேண்டும்.

இன்சூரன்ஸ் கவுண்டர் பெண் மறுபடியும் வந்தாள். "கம்பெனில இன்னொரு கேள்வி கேக்குறாங்க சார். நெஞ்சு வலின்னதும் ஏன் நேரா இவ்வளவு பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்தீங்களாம்?"

"வலிக்கும்போது சின்னதா பெருசான்னு விசாரிக்கத் தோணலைன்னு எழுதும்மா."

அவள் அப்படியே எழுதிக்கொண்டு போனாள்.

விளக்கு போடும் நேரத்தில் அதே வலி, அதே இடத்தில் திரும்ப வந்தது. ஊசிக் கையால் நெஞ்சை அழுத்திக்கொண்டார்.

"என்னங்க பண்ணுது?" என்றாள் மனைவி கோமதி.

சொன்னால் எல்லாம் முதலிலிருந்து ஆரம்பிக்கும். "பட்டன் கழண்டிருக்கு, போடுறேன்" என்றார்.

நர்ஸ் சிரித்தபடி உள்ளே வந்தாள். "அப்ரூவல் வந்துடுச்சு சார். கையக் கொடுங்க, ஊசிய எடுத்துடலாம்."

இடது கை நெஞ்சிலேயே இருக்க, மாசிலாமணி வலது கையை நீட்டினார்.

"இது இல்ல சார். அந்தக் கை."