மஞ்சள் அட்டை

"இப்பல்லாம் அம்மை குத்தின அட்டையக் கேட்கறதில்லக்கா. உலகத்துலயே பெரியம்மை ஒழிஞ்சு போச்சு" என்றான், துபாய்க்குக் கிளம்பும் தம்பி இன்னாசிராஜ்.

லூர்துராணிக்குச் சுருக்கென்றது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன் அந்த அட்டை இல்லாமல்தான் கணவர் அருள்நாதனின் குவைத் பயணம் நின்றது. சட்டைப் பாக்கெட்டில் வைத்திருந்தேன் என்றார். அவளோ சட்டையைத் துவைத்திருந்தாள். அடுத்த வாரத்திலிருந்து தன் சட்டையை அவள் தொடவே அவர் விட்டதில்லை.

தம்பிக்குக் கொடுக்கப் பழைய பெட்டியைத் துடைக்க, அதில் விரித்திருந்த பேப்பரை உருவினாள். அடியில் அந்த மஞ்சள் அட்டை, நனையாமல்.

"என்னங்க இது?" என்று அருள்நாதனிடம் நீட்டினாள்.

"நான்தான் ஒளிச்சேன். தெரு பூரா அம்மை, உனக்கு ஏழு மாசம். விட்டுட்டுப் போக மனசு வரல. பயணத்துக்குப் பணம் கட்டின உங்கப்பாகிட்ட சொல்லவும் பயம்."

"அப்ப, சட்டையத் தொட விடாதது கோபமில்லையா?"

"துவைக்க எடுக்கறப்பல்லாம் ஒவ்வொரு பாக்கெட்டா தடவித் தடவி அழுவியே, ராணி. அதைப் பார்க்க முடியல."