கால் மணி நேர மேகம்

"அடுத்து எந்த ப்ரோக்ராமிங் மொழி கத்துக்கப் போறீங்கண்ணே? பைத்தான் சுலபம், 'கோ' மொழி வேகம்," என்றான் பக்கத்து சீட்டுக்குப் புதிதாக வந்தவன்.

"ரஸ்ட்," என்றான் இவன், கனவில் பேசுகிறவன் மாதிரி.

"மண்டை காயும்ணே! இங்க எழுதினது கம்பைல் ஆகி ஓடவே கால் மணி நேரம் சும்மா காத்திருக்கணுமாம்."

"அதான் வேணும்."

இவன் பார்வை போன ஜன்னலோரத்தில் ரஸ்ட் குழுப் பெண் ஒருத்தி, கம்பைல் முடியும்வரை மேகத்தைப் பார்த்துத் தனக்குள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஓகோ! நீங்களும் போய்ப் பக்கத்துல நிக்கவா? அண்ணிக்குத் தெரிஞ்சா தோலை உரிச்சிடுவாங்க!"

"அவதான்டா உன் அண்ணி. வீட்டுல ரெட்டைப் பிள்ளைங்களத் தூங்க வைக்கிறதுக்குள்ள நாங்களே தூங்கிடுறோம். அவ இப்படிச் சிரிப்பாங்கிறதே மறந்துபோச்சு."