லுஜைன் வாங்கிய சைபர்

லுஜைன் காப்பியடிக்கிறாள் என்றுதான் நான் நினைத்தேன்.

கடைசி வருஷ டாக்டர் படிப்பு. ஊரடங்கில் அலெப்போ காலேஜுக்குப் பூட்டு. செய்முறைத் தேர்வுகூட செல்போனில்தான். வீட்டில் யாரையாவது படுக்க வைத்து, வயிற்றைத் தொட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டுமாம். அவள் அம்மா, என் அக்கா, படுத்தாள். நான் போனைப் பிடித்தேன்.

திரையில் டாக்டர் ஸவ்ஸன் வரும்போதே சிடுசிடுத்தார்.

"போன்ல நீச்சல் கத்துக்க முடியுமா? அப்படித்தான் இருக்கு இந்தப் படிப்பு."

"பாடம் நடத்துறப்போ நீங்களும்தான் பாதியில காணாமப் போயிடுறீங்க டாக்டர்."

"கரண்ட் போனா நான் என்னம்மா செய்ய? பேசாம ஆரம்பி."

லுஜைன் கை வைத்ததும் அக்கா நெளிந்தாள். "ஐஸ் மாதிரி இருக்குடி உன் கை!"

"சும்மா இரும்மா. நோயாளி பேசக் கூடாது."

"நான் நோயாளியா? நோன்புல கொஞ்சம் இளைச்சிருக்கேன், அவ்வளவுதான்."

ஆஸ்பத்திரி என்றாலே அக்காவுக்கு ஆகாது. இப்போது போனால் கொரோனாவோடுதான் திரும்ப வேண்டும் என்று ஒரே பிடிவாதம்.

லுஜைனின் கை வலது விலாவுக்குக் கீழே போனது. அங்கேயே நின்றது.

"கல்லீரல் தட்டுப்படுதா?"

வேறு நாட்டு டாக்டர்கள் நோயாளி முன்னால் இங்கிலீஷில் பேசித் தப்பித்துக்கொள்வார்களாம். எங்கள் பிள்ளைகள் வைத்தியம் படிப்பதே அரபியில்தான். படுத்திருப்பவருக்கு ஒரு வார்த்தை விடாமல் புரியும்.

"இல்லை டாக்டர். எல்லாம் நார்மல்."

"மறுபடி பார்."

பார்த்தாள். "சித்தி, சிக்னல் போகுது, குடுங்க" என்று போனைப் பிடுங்கினாள். கட்டைவிரல் பறந்தது. சிக்னலாவது, மண்ணாவது! எவளோ சிநேகிதியிடம் விடை கேட்கிறாள்.

போன் என் கைக்குத் திரும்பியது. டாக்டர் கண்ணாடியை ஏற்றிவிட்டுத் திரையை உற்றுப் பார்த்தார். பிறகு பிடித்துக்கொண்டார்.

"இதுவா வயிறு பார்க்கிற லட்சணம்? சைபர்! அம்மா, நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு ஆஸ்பத்திரிக்கு வாங்க. இவ கையைப் பிடிச்சு உங்க வயித்துல வெச்சு நானே கத்துக்குடுக்கிறேன். நீங்க வரலைன்னா இவளுக்கு இந்த வருஷம் பட்டம் கிடையாது!"

அக்கா அலறி எழுந்தாள். "வர்றேன் டாக்டர், வர்றேன்! புள்ளையோட வருஷத்தைக் கெடுத்திடாதீங்க."

திரை அணைந்ததும் மகள்மேல் பாய்ந்தாள். "ஆறு வருஷம் என்னத்தைடி படிச்சே? பெத்தவ வயித்தைத் தொட்டுச் சொல்லத் தெரியலை!"

லுஜைன் கை கழுவப் போனாள். குழாய்ச் சத்தம் நிற்கவே இல்லை.

போன் என் கையில்தான் இருந்தது. யாரிடம் விடை கேட்டாள் என்று பார்த்துவிடுவது என்று துழாவினேன். ஒரே ஒரு செய்தி. அதுவும் டாக்டருக்கு.

"கல்லீரல் விலாவுக்குக் கீழே நாலு விரல் இறங்கியிருக்கு. கல்லு மாதிரி, முடிச்சு முடிச்சா. அம்மா கேட்டுக்கிட்டிருக்காங்க. என்னை ஃபெயிலாக்கியாவது அவங்களை ஆஸ்பத்திரிக்கு வரவெச்சிடுங்க."