எண்பதுக்கு உள்ளே

"இதுக்குப் பேரு எடை மிஷினா?"

இரும்புக்கடைக்காரர் போட்ட சத்தத்தில் ஓட்டல் ஜிம்மின் கண்ணாடிக் கதவே அதிர்ந்தது. டிரெட்மில்லை விட்டு இறங்கி, வேர்வை சொட்டச் சொட்ட எடை மிஷின் மேல் நின்றுகொண்டிருந்தார். காலடியில் சிவப்பாக மின்னியது: 83.

ஜிம்மைப் பார்த்துக்கொள்ளும் பெண், மடித்துக்கொண்டிருந்த துண்டை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

"இறங்கி மறுபடி ஏறிப் பாருங்க சார்."

"நாலு தரம் ஏறி இறங்கியாச்சு."

"ஷூ?"

"ஷூ, வாட்ச், பர்ஸ் எல்லாத்தையும் கழட்டியாச்சு. இன்னும் என்னத்தைம்மா கழட்டச் சொல்ற?"

அவர் கோபத்துக்கும் காரணம் இருந்தது. விடிந்தால் எதிர்த்தெரு ஆஸ்பத்திரியில் அவரை நிறுத்துப் பார்ப்பார்கள். அவருடைய ஈரலில் ஒரு துண்டை அறுத்துத் தங்கைக்கு வைக்க வேண்டும்.

"உங்க ஈரல்ல கொழுப்பு படிஞ்சிருக்கு. எண்பது கிலோவுக்கு உள்ளே வந்தாத்தான் கத்தியைத் தொடுவேன்" என்று இரண்டு மாதத்துக்கு முன்பே டாக்டர் சொல்லிவிட்டார்.

அவரிடமும் பேரம் பேசிப் பார்த்தார். "எண்பத்து ரெண்டுன்னு முடிச்சுக்கலாமே டாக்டர்?"

டாக்டர் சிரிக்கவில்லை. "உங்க தங்கச்சிக்கு இதுக்கு மேல நாள் இல்லை."

அன்றிலிருந்து வாயைக் கட்டினார். பழைய இரும்பு வாங்க ஊர் ஊராக அலைகிற பிழைப்பு. எங்கே போனாலும் ஜிம் இருக்கிற ஓட்டலாகப் பார்த்துத் தங்கினார். கிளம்பும்போது அந்த ஜிம்மைப் பற்றிப் போனில் நாலு வரி எழுதாமல் வண்டி ஏற மாட்டார். 'ஒத்தை ஸ்டார் போட்டுடுவேன்' என்று ஒரு வார்த்தை சொன்னால் அறை வாடகையே குறைகிறது என்று கண்டுபிடித்த பிறகு, அந்த நாலு வரி ரொம்பக் காரமாகிவிட்டது.

ஆனால் எந்த ஜிம்மிலும் எடை பார்த்ததில்லை. அடுத்தவன் தராசை நம்பி அவருக்குப் பழக்கமில்லை. இன்றைக்கு மட்டும் மனசு கேட்காமல் ஏறிவிட்டார்.

"நேத்துக் காலைல என் கடைத் தராசுல எண்பதுக்குக் கொஞ்சம் கீழே இருந்தேன். அப்புறம் ரெண்டு வெள்ளரிக்காய்தான் உள்ளே போச்சு. மூணு கிலோ எங்கேருந்து வந்துச்சு? காத்தைக் குடிச்சா எடை போடும்?"

"போன வாரம்தான் சார் இதைச் சரிபார்த்துட்டுப் போனாங்க."

"முப்பது வருஷமா இரும்பை நிறுத்துச் சோறு தின்னுறவன் நான். எனக்கே தராசைப் பத்திப் பாடமா?"

போனை எடுத்தார். அவள் காதில் விழட்டும் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார்.

"டிரெட்மில் பரவாயில்லை. ஏ.சி. பேருக்கு ஓடுது. எடை மிஷின் மோசடி. பார்த்துக்கற பொண்ணு பதிலுக்குப் பதில் பேசுது. ஒத்தை ஸ்டார்."

அவள் முகம் செத்துப்போயிற்று.

"சார், இந்த மாசம் ஏற்கெனவே ரெண்டு ஒத்தை ஸ்டார் வந்திருக்கு. மூணாவதும் வந்தா நாளைக்கே என்னை வர வேண்டாம்னுருவாங்க."

"அப்படி வா வழிக்கு. மிஷின் தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லு. இப்பவே அழிச்சிடறேன். அஞ்சு ஸ்டாரே போடறேன், போதுமா?"

கட்டை விரல் அனுப்பும் பொத்தானுக்கு மேலே காத்திருந்தது.

அவள் மிஷினை ஒரு தரம் பார்த்தாள். "அது தப்பா காட்டலையே சார். நான் என்ன செய்ய?"

போய் பத்து கிலோ டம்பெல் இரண்டைத் தூக்கிவந்து மிஷின் மேல் வைத்தாள். 20 என்று காட்டியது.

"அந்த இரும்பும் உங்களோடதுதானே? அதுல எந்த நம்பரை வேணா அடிக்கலாம்."

"இரும்பு வியாபாரம்னு சொன்னீங்களே. நீங்களே தூக்கிப் பாருங்க."

கைக்கொன்றாகத் தூக்கினார். இறக்கினார். கை மாற்றித் தூக்கினார்.

பத்து. சுத்தமாகப் பத்து. வாய் எவ்வளவு வேண்டுமானாலும் சண்டை போடும். முப்பது வருஷமாக இரும்பு தூக்கிய கை பொய் சொல்ல மறுத்தது.



போனில் 'டிங்' என்று தங்கையின் குரல் செய்தி. நலிந்த குரல்.

"அண்ணா, இப்பதான் டாக்டர் வந்துட்டுப் போனாரு. உங்க அண்ணன் எடை சரியா இருந்தா நாளைக்கே ஆபரேஷன்னாரு. எங்க அண்ணன் ஊர்ல இருக்கறப்பல்லாம் கடைத் தராசுல ஏறிப் பார்த்துக்கிட்டுதான் இருக்காரு, அது தப்பாதுன்னு சொல்லிட்டேன். சரிதானே?"

கடைக்குப் போன் போட்டார். ஜனங்கள் தலையில் சுமந்து வரும் பழைய இரும்பை நிறுத்து வாங்கிப் போடுகிற ஆள் எடுத்தார். கடை திறந்த நாளிலிருந்து கூடவே இருப்பவர்.

"யோவ், நம்ம தராசு சரியாத்தானே இருக்கு?"

"ஏன் முதலாளி, என்ன ஆச்சு?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லுய்யா! யாராவது அதுல கை வச்சீங்களா?"

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது.

"ஒருத்தரையும் தொட விட்டதில்லை முதலாளி. கடை திறந்த அன்னிக்கு உங்க கையால திருகி வச்சீங்களே, நூறு கிலோவுக்கு நாலு கிலோ கம்மியா காட்டற மாதிரி... அப்படியேதான் இருக்கு. இத்தனை வருஷத்துல ஒரு பயலும் கண்டுபிடிக்கலையே!"