போனுக்குள் ஒரு ஏரி

ஜான்சன் பறிக்கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு முன்னால் போனான். ரோசியும் தன் பறியின் கயிற்றைக் கடித்துக்கொண்டு புருஷன் பின்னால் நடந்தாள்.

கையால் இறால் தடவுகிறவர்கள் தண்ணீருக்குள் பேசுவதில்லை. இரண்டு கையும் சேற்றில் இருக்கும். பிடித்த இறாலைப் போடும் ஓலைப் பறி வாயில் தொங்கும். வாயைத் திறந்தால் பறி போகும், அதோடு இறாலும் போகும். கூப்பிட வேண்டுமென்றால் மூக்கால் ஒரு 'ம்'. பதிலுக்கும் ஒரு 'ம்'.

விடிந்தும் பனி விலகவில்லை. நாலடி போனதும் அவன் முதுகு கரைந்துபோனது.

'ம்' என்றான்.

'ம்' என்றாள்.

இதுவரை கரையோரமாகத்தான் தடவினார்கள். கரையில் இறால் அற்றுப்போனது. நடு ஏரித் திட்டுக்குப் போவோம் என்று இன்றைக்கு அவன்தான் கிளப்பினான். இறங்குமுன் அவள் தயங்கியதைப் பார்த்துச் சிரித்தான்.

"இன்னா பயம் உனக்கு? போன்ல பத்து தபா நடந்து பார்த்துட்டேன். திட்டு வரைக்கும் ஒரு பள்ளம் கெடயாது. இடுப்பத் தாண்டாது."

மீஞ்சூரில் மாமன் வீட்டில் வளர்ந்து அங்கேயே கம்பெனி வேலைக்குப் போனவன் அவன். நீச்சல் தெரியாது. வேலை போய் ஊருக்குத் திரும்பிய நேரம், ஏரியைக் கரைத்துக் குடித்திருந்த அண்ணன் ஆல்வின் திருக்கை முள் குத்திக் காலை நீட்டிப் படுத்துவிட்டான்.

படுத்தவன் போனில் ஒரு விளையாட்டைப் பிடித்துக்கொண்டான். மண், கல், தண்ணீர் எல்லாம் கட்டம் கட்டமாக வரும். எதையும் தோண்டலாம், எதையும் கட்டலாம். தம்பிக்கு வழி காட்ட அதில் ஏரியையே கட்டிவைத்தான். திட்டு, உளைச் சேறு, வலைக் கழி எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தன.

மத்தியானம் அண்ணனும் தம்பியும் தூங்கும்போது ரோசி அந்தப் போனை எடுப்பாள்.

அங்கே யாரும் வந்து இது யார் மீன்பிடிக்கிற பாடு, நீ எப்படி இறங்கலாம் என்று கேட்பதில்லை. விரலிடுக்கு வெடிப்பதில்லை. பிறந்த வீட்டிலும் புகுந்த வீட்டிலும் கிடைக்காத ஒரு வீட்டை, நாலு பக்கமும் ஜன்னல் வைத்து, அந்தத் திட்டின் மேல் அவளே கட்டினாள்.

சில நேரம் சப்பென்றும் இருக்கும். அந்த ஏரிக்கு வாடை இல்லை. காற்று திரும்புவதில்லை. கொட்டிய மணல் கொட்டிய இடத்திலேயே கிடக்கும். மூழ்கிச் செத்தால் கையிலிருந்த சாமான் மட்டும் போகும். ஆள் மறுபடி கரை வீட்டுக் கட்டிலில் கண் விழிக்கும்.

'ம்.'

'ம்.'

தண்ணீர் இடுப்புக்கு வந்தது. காலடியில் சேறு குளிர்ந்தது. போகிற வழியிலேயே குனிந்து தடவியதில் பறியில் இறால் சேர்ந்துகொண்டிருந்தது.

பனிக்குள்ளிருந்து மூன்று கழிகள் வெளியே வந்தன. வரிசையாக நின்றன. நடுக்கழி மட்டும் குட்டை.

இந்தப் பக்கம் அவள் ஒரு நாளும் வந்ததில்லை. ஆனால் அந்தக் கழிகளைத் தெரியும்.

போனில் இந்த மூன்று கழியைத் தாண்டினால் ஒரு குழி. சுற்றிலும் கறுப்புக் கல். ஆல்வின் மாமா சும்மா விளையாட்டுக்குத் தோண்டியது என்றுதான் நினைத்திருந்தாள். அந்த விளையாட்டில் குழிக்கா பஞ்சம். வீடு கட்டச் சாமான் தூக்கிப்போகும்போதெல்லாம் அதில் விழுந்து, பலகையும் கண்ணாடியும் போய், திரும்பத் திரும்பக் கட்டிலில் எழுந்தாள். ஒரு மத்தியானம் சலித்துப்போய் அதில் மணலைக் கொட்டி மூடினாள்.

கறுப்புக் கல்லை வீணாக்கவில்லை. பெயர்த்து எடுத்துப்போய்த் தன் வீட்டுக்கு வாசற்படி கட்டினாள்.

ரோசி வாயைத் திறந்தாள். பறி நழுவி மிதந்தது.

"ஏங்க, நில்லுங்க. அங்கேயே நில்லுங்க."

பனிக்குள்ளிருந்து 'ம்' வந்தது. கயிற்றை விட மனசு வராத 'ம்'.

அப்புறம் தண்ணீர் பெரிதாக ஒருமுறை புரண்டது. அதன் அலை வந்து அவள் வயிற்றைத் தொட்டது.

வாயில் கயிறு இல்லை என்பதையும் மறந்து, 'ம்' என்று கூப்பிட்டாள்.

இன்னொரு முறை கூப்பிட்டாள்.

முன்னாலிருந்து ஒரு பறி மெல்ல மிதந்து வந்து அவள் மேல் முட்டி நின்றது. உள்ளே இறால்கள் இன்னும் துள்ளிக்கொண்டிருந்தன.

ரோசி திரும்பிக் கரைப் பக்கம் பார்த்தாள். வீடும் கட்டிலும் அந்தப் பக்கம்தான் இருந்தன.