வாயை மட்டும் அசைங்கடா

என் சேர்ந்திசைக் குழுவில் இருபது பையன்கள். அதில் எட்டுப் பேருக்குச் சுருதி மருந்துக்கும் கிடையாது. "பாட்டு கத்துக்கிட்டா தன்னம்பிக்கை வளரும்னாங்க சார்" என்று கொண்டுவந்து தள்ளும் பெற்றோரிடம் தலையாட்டி வைப்பேன். பிறகு அந்தக் கழுதைகளைப் பின்வரிசையில் நிறுத்தி, "சத்தம் வரக் கூடாது, வாயை மட்டும் அசைங்கடா" என்பேன். மூன்று வருடமாக அப்படித்தான் வளர்கிறார்கள்.

நேற்று ஒத்திகைக்கு அந்த எட்டுப் பேர் மட்டும் வந்திருந்தார்கள். பாடத் தெரிந்த பன்னிரண்டு பேரில் ஒருவனையும் காணோம். தலையெழுத்தே என்று பியானோவின் முன் உட்கார்ந்தேன். எட்டும் வழக்கம்போல வாயசைத்தன.

பாட்டு முழுசாகக் கேட்டது. பன்னிரண்டு குரல்கள். மூன்றாவது அடியை எப்போதும் மூக்கால் பாடும் டாக்டர் மகன், வராமலேயே மூக்கால் பாடினான்.

பாட்டு முடிந்ததும் டாக்டரே போனில் கூப்பிட்டார்.

"சார், பையனுக்குக் காலையிலேர்ந்து குரலே வரல. தொண்டையில ஒரு கோளாறும் இல்ல. சும்மா வாயை மட்டும் அசைக்கிறான்."

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். பின்வரிசையில் ஒருவன் என் குரலில் சொன்னான்:

"சத்தம் வரக் கூடாது சார்."