நாற்பத்து மூன்றுக்குப் பிறகு

அந்தப் பிரெஞ்சுக் கிராமத்தில் ஒரு காலத்தில் அறுநூறு பேர் இருந்தார்கள். முதல் உலகப் போர் நாற்பத்து மூன்று ஆண்களைக் கொண்டுபோனது. மற்றவர்களை நகரத்து ஆலைகள் கொண்டுபோயின. இப்போது மேயர் ஓகுஸ்த்தையும் சேர்த்து ஏழு பேர். புத்தாண்டு முதல் கிராமம் பக்கத்து ஊரோடு இணைக்கப்படுகிறது. அதன் பிறகு அதற்கென்று மேயர் கிடையாது, பெயரும் கிடையாது.

ஆகவே போரில் மாண்டவர்களை நினைக்கும் இந்த நவம்பர்க் காலைதான் கடைசி. தேவாலயத்தின் முன்னே, நினைவுக்கல்லருகே, தூறலில் ஆறு பேர் நின்றார்கள். ஓகுஸ்த் கல்லில் இருந்த பெயர்களை வழக்கம்போல ஒவ்வொன்றாகத் தாளிலிருந்து படித்தார். ஒவ்வொன்றுக்கும் அவர்கள், "நாட்டுக்காக மாண்டார்" என்றார்கள்.

நாற்பத்து மூன்று முடிந்ததும் விறைத்த விரலால் தாளைத் திருப்பினார். அடியில் இருந்தது, இணைப்புக்காக அவரே எழுதிவைத்த, ஊரில் மிஞ்சியவர்களின் பட்டியல். குடும்பப் பெயர்கள் அதே பெயர்கள்தான். மூக்குக்கண்ணாடியில் மழைத்துளி. படித்துக்கொண்டே போனார்.

"பெர்னியே, லூசியன்."

"நாட்டுக்காக மாண்டார்." லூசியனும்தான் சொன்னார்.

"ஷப்பூயி, மத்தில்த்."

மத்தில்த் குடையைக் கை மாற்றிக்கொண்டு, மற்றவர்களோடு சேர்ந்து சொன்னாள். யாரும் திருத்தவில்லை.

ஏழாவதாகத் தன் பெயரைக் கண்டபோதுதான் ஓகுஸ்த்துக்கு உறைத்தது. நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன ஓகுஸ்த், நிறுத்திட்டே?" என்றாள் மத்தில்த். "குளிருது. இன்னும் ஒரு பேருதானே, படிச்சு முடி."